இருபத்தொன்று நாற்பத்தேழு

விழாக் கையேட்டின் ஆறாம் பக்கத்தில், மத்தியானச் சாம்பார் ஒரு சொட்டு விழுந்து காய்ந்த இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, 'ஏழரை மணிச் செய்தி, ஆவணப்படம், இருபத்தொரு நிமிடம் நாற்பத்தேழு விநாடி' என்று அச்சிட்டிருந்தது. தார்சியுஸ் அதைக் காலையிலிருந்து நான்கு தடவை படித்துவிட்டான். முதல் மூன்று தடவையும் தன் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்றுதான் பார்த்தான். சரியாகவே போட்டிருந்தார்கள், அதுவே ஒரு அதிசயம், ஞானஸ்நானச் சான்றிதழிலேயே தப்பாக விழுந்த பெயர் அது. நான்காம் தடவை, தேநீர் இடைவேளையில், ஒரு கையில் போண்டாத் தட்டும் மறு கையில் கையேடுமாக நின்றபோது, கண் பெயரைத் தாண்டி எண்ணில் போய் மாட்டிக்கொண்டது. நாற்பத்தேழா? முப்பத்தொன்பது அல்லவா? முப்பத்தொன்பது என்றுதான் அவனுக்கு நினைவு. நினைவு என்று சொல்வதைவிட, முப்பத்தொன்பது என்ற எண்ணோடு ஒரு நிம்மதி ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்: ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் படத்திலிருந்து எட்டு விநாடியை வெட்டி எறிந்துவிட்டு, கணினியை அணைத்து, கைகழுவி, அப்பாடா என்று உட்கார்ந்த நிம்மதி. ஆனால் நிம்மதிக்கு எண்கள் நினைவிருப்பதில்லை. வெட்டுவதற்கு முன் நாற்பத்தேழு, வெட்டிய பின் முப்பத்தொன்பது என்றால், இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருப்பது வெட்டாத படம். வெட்டுவதற்கு முன் ஐம்பத்தைந்து, வெட்டிய பின் நாற்பத்தேழு என்றால், ஒரு ஆபத்தும் இல்லை, போண்டாவைத் தின்னலாம். போண்டா ஆறிக்கொண்டிருந்தது. அவனுடைய கணினியில் அந்தப் படம் ஐந்து பிறவி எடுத்திருந்தது: ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் லேட்டஸ்ட், ஃபைனல் லேட்டஸ்ட் ஓகே, கடைசியாக, தன்னைத் தானே நம்ப முடியாது என்று தெரிந்த பிறகு வைத்த பெயர், இதுதான் ஃபைனல். பத்தொன்பது வருஷமாகத் தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறான், அதில் இப்படி நேர்ந்ததில்லை. அங்கே ஒரு தடவை தாலி கட்டினால் கட்டினதுதான். சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்தால் மட்டும் ஒருவனுக்கு எத்தனை முடிவுகள் வேண்டியிருக்கின்றன. ஜூலையில், மூன்று கல்யாண ஆல்பங்கள் ஒன்றாக வந்து நின்ற ஒரு பகல்வேளையில், இந்த ஐந்தில் ஒன்றைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினான். எதை இழுத்துப் போட்டது அந்தக் கை?

பாளையங்கோட்டையில் ஒரு திருமண மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்து அந்த விழாவை நடத்தினார்கள். பொருநை சுயேச்சைத் திரைவிழா என்று பெயர். சுயேச்சை என்றதும் தேர்தலில் வைப்புத்தொகை இழப்பவர்கள் ஞாபகம் வருவது தமிழ்நாட்டில் தவிர்க்க முடியாதது, வந்திருந்த முகங்களும் அதை மறுக்கவில்லை. மணமேடையில் திரை கட்டியிருந்தது. அதற்கு மேலே, போன முகூர்த்தத்தின் தெர்மோகோல் இதயம் ஒன்றைக் கழற்ற மறந்திருந்தார்கள், எந்தப் படம் ஓடினாலும், கொலைக்காட்சியானாலும், அந்த இதயம் மேலே தொங்கியது. சாப்பாட்டுக் கூடத்தில் தேநீரோடு 'அறிமுகப் பந்தி' ஏற்பாடு. படம் எடுத்தவர்களுக்குச் சட்டையில் சிவப்பு நாடா, படத்தை வாங்கவோ திரையிடவோ வழி வைத்திருப்பவர்களுக்குப் பச்சை நாடா. நீள மேசைகளின் இருபுறமும் எதிரெதிரே உட்கார வேண்டும், மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், ஒரு பக்கத்து வரிசை மட்டும் ஓர் இடம் நகர வேண்டும். எண்ணியதில் பச்சை நான்கு பேர், சிவப்பு அறுபத்து மூன்று பேர். அந்தக் கணக்கு அமைந்த அழகைப் பார்த்து, சைவ ஊரில் வேறெப்படி அமையும் என்று தார்சியுஸ் வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். இன்று நாற்பத்தேழு.

எட்டு விநாடியில் என்ன இருந்தது? மரகதவல்லி இருந்தார். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை உடுத்திக்கொண்டு, தன் வீட்டு மொட்டைமாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், நேராக. தொண்ணூறுகளில் தொடங்கித் தூத்துக்குடியின் கேபிள் சேனல் ஒன்றில் தினமும் மாலை ஏழரை மணிக்கு உள்ளூர்ச் செய்தி வாசித்தவர் அவர். தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது வரும், எந்த வார்டில் நாய் பிடிக்கிறார்கள், யார் வீட்டு எருமை காணவில்லை என்பதை எல்லாம் உலகச் செய்தி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தவர். பதினோரு வருஷம். தார்சியுஸ் அப்போது பையன், அவர் வாசித்த எருமைக்காக வருத்தப்பட்டவன். அவரைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு எருமைக்காலத்து ஆசை. ஏப்ரலில், மாடியில், அவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் செய்தி மாதிரியே பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், அவன் ஒன்றும் கேட்காமல் பேட்டரி மாற்றலாமா என்று யோசித்த ஒரு நொடியில் சொன்னார்: "பதினோரு வருசம் வாசிச்சேன் தம்பி. ஊரே பாத்துச்சு." அதோடு முடிந்திருந்தால் அது செய்தி. முடியவில்லை. "இவுக ஒரு நாளு பாத்ததில்ல. ஏழரை ஆச்சுன்னா டிவிய அமத்திட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு நடக்கப் போயிருவாக." அப்புறம் மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். அது ஏற்கெனவே நான்காக மடித்திருந்த கைக்குட்டை, அதைப் பிரித்து மறுபடியும் நான்காக. அந்த மடிப்புக்கு மூன்று விநாடி, பேச்சுக்கு ஐந்து. இருபத்தொரு நிமிடத்தில் மிச்சம் எல்லாம் அந்த எட்டு விநாடிக்குப் போட்ட பந்தல் என்று, எடுத்த அன்றே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஃபோன். "தம்பி, நேத்து ஒரு வார்த்தை வாய் தவறி வந்துட்டு. அத மட்டும் எடுத்துருங்க." வாய் தவறி வருவதற்காகத்தான்கா நாங்கள் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம் என்று அவன் சொல்லவில்லை. "அண்ணாச்சி படத்தப் பாப்பாகளாக்கா?" என்றுதான் கேட்டான், கேட்டபிறகு அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று தெரிந்தது. மறுமுனையில் சிரிப்பு. "பாக்க மாட்டாக. ஆனா பாத்தாகன்னா? நாலு பேரு முன்னால எதுக்கு தம்பி. அது எனக்கும் அவுகளுக்கும் உள்ளது." சரிக்கா, எடுத்துருதேன், என்றான். எடுத்தான். மே மாதம் முழுக்க எடுக்காமல் வைத்துப் பார்த்துவிட்டு, ஜூனில் எடுத்தான். அந்த எட்டு விநாடி இருந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. 'ஊரே பாத்துச்சு' என்றதும் நேராக அடுத்த ஷாட்: துருப்பிடித்த பழைய ஆன்டெனா, பின்னால் நீல வானம். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக மட்டுமே இருந்தது.

மணி அடித்தது. எதிரே வந்து உட்கார்ந்தவனுக்கும் சிவப்பு நாடா. சிவப்பும் சிவப்பும் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று பந்தி விதிகளில் இல்லை. "அண்ணே, ஒன் லைன் சொல்லுதேன் கேளுங்க," என்றான் அவன். ரோடு ரோலர் ஓட்டுகிற ஒருத்தர், வாழ்நாளில் ஒரு தடவையாவது வேகமாகப் போக ஆசைப்படுகிறார். தார்சியுஸ் தலையாட்டினான். ஐம்பத்தைந்தா, முப்பத்தொன்பதா? தலைப்பு அட்டையின் நீளத்தை ஜூனில் குறைத்தானா, அதற்குப் பிறகா? குறைத்தது ஐந்து விநாடி என்றால் ஐம்பத்திரண்டு வரும், அது ஒரு கணக்கிலும் ஒட்டாது. "கிளைமாக்ஸ்ல இறக்கம்ணே," என்றான் எதிரே இருந்தவன், கண் பளபளக்க. "நியூட்ரல்ல விட்ருதாரு." நல்லாருக்கு தம்பி, நல்லாருக்கு, என்றான் தார்சியுஸ். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பிச்சைக்காரர்கள் தட்டைத் தூக்கி ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்ட மாதிரி மனம் நிறைந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். மணி. அடுத்து எதிரே வந்த நாடா பச்சை. சென்னையில் டிசம்பரில் நடக்கும் பெரிய விழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கிற சுகிர்தா. முப்பது முப்பத்தைந்து வயது, தோளில் துணிப்பை, நாள் முழுக்கப் பிறர் கனவுகளைக் கேட்டுக் களைத்த காது. "ஏழரை மணிச் செய்தி நீங்கதானே சார்? உங்க லிங்க்க மே மாசமே பாத்துட்டேன்." மே மாசமே. "சும்மா சொல்லல. அந்தப் பதினாலாவது நிமிஷம், இவுக ஒரு நாளு பாத்ததில்லன்னு சொல்லிட்டு கைக்குட்டைய மடிப்பாங்கல்ல? படமே அதான் சார். மத்ததெல்லாம் அதுக்கு வாசப்படி." தார்சியுஸின் நெஞ்சில் முதலில் வந்தது மகிழ்ச்சி. இதை அவன் பிற்பாடு பல தடவை திருப்பி ஓட்டிப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் முதலில் வந்தது மகிழ்ச்சிதான், பயம் இரண்டாவதாகத்தான் வந்தது, வெட்கம் மூன்றாவது. பந்தியில் அதற்கு இடமே கிடைக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தது. "எனக்கு ரெண்டே ஸ்லாட்தான் பாக்கி. அந்த இடத்துல ஒரு கூட்டம் எப்படி மூச்சு விடுதுன்னு ஒரு தடவ நேர்ல கேக்கணும். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்," என்றார் சுகிர்தா. அந்த இடம் இப்போது இல்லை என்று சொல்லியிருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கலாம், இன்னும் நேர்மையாக. அவன் "தேங்க்ஸ் மேடம்" என்றான். மணி அடித்தது, நல்ல மணி, சமயம் தெரிந்த மணி.

கைகழுவும் இடத்துக்குப் போகிற வழியில் அவர்களைப் பார்த்தான். மரகதவல்லி இன்று மாம்பழ மஞ்சள் இல்லை, ஊதா. பக்கத்தில் ஆவுடையப்பன், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அவர் மண்டபத்து ஸ்விட்ச் போர்டின் முன்னால் நின்று, நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி, அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இங்க எர்த் சரியில்ல," என்றார் தார்சியுஸிடம், வணக்கத்துக்குப் பதிலாக. "சொல்லி வைங்க." சொல்லுதேன் அண்ணாச்சி, என்றான். அவர் தேநீர் வாங்கப் போனதும் மரகதவல்லி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அது செய்திக்குரல்தான், ஒவ்வொரு சொல்லும் கரையேறி வந்து நிற்கும். "நான் கூப்பிடக்கூட இல்ல தம்பி. காலைல நான் தல சீவிக்கிட்டு இருக்கேன், இவுக சட்டையத் தேய்க்காக. எங்கன்னு கேட்டா, பாளையங்கோட்டைக்குத்தானங்காக." அப்புறம் கணவர் போன பக்கம் ஒரு பார்வை. "அத எடுத்துட்டீயள்லா?" கேள்வி இல்லை அது, சேலைத் தலைப்பைச் சரிசெய்வது மாதிரி ஒரு சொல். எடுத்தாச்சுக்கா, என்று அவன் வாய் சொன்னது. எத்தனை எளிதாகச் சொன்னது. ஜூனில் சொன்னபோது உண்மையாக இருந்த அதே வாக்கியம், ஆகஸ்டில் ஓர் எழுத்தும் மாறாமல் என்னவாக இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்று சத்தியம் பண்ண முடியாது. கூரியர் கவர் ஒட்டிய அந்தப் பகலை அவன் மறுபடியும் கிண்டினான். வாசலில் கூரியர்க்காரர் வண்டியை அணைக்காமல் நின்றார், மேசையில் ஒரு பொண்ணு அழைப்பு ஆல்பம் திறந்து கிடந்தது, சுட்டி ஐந்து ஃபைல்களின் மேலே போனது, ஏதோ ஒன்றின் மேல் நின்றது. எதன் மேல்? அவசரத்தில் கை தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தவறுகிற கை ஐந்தில் எதில் வேண்டுமானாலும் விழலாமே, வெட்டாத ஒன்றில் போய் விழுந்திருந்தால், ஏன் விழ வேண்டும்? பசித்தவன் கை இருட்டில் தவறினாலும் பாயாசக் கிண்ணத்தில்தான் விழும். ஆவுடையப்பன் இரண்டு கையிலும் காகிதக் கோப்பையோடு வந்தார். ஒன்றை மனைவியிடம் கொடுக்கும் முன் அதில் மிதந்த பாலேட்டை விரலால் எடுத்து எறிந்தார். இந்த மனிதர் ஏழரை மணிக்கு எதற்காகச் செருப்பு மாட்டினார்? பதினோரு வருஷம், ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால், நாலாயிரம் தடவையாவது இருக்குமே. ஒருவர் அப்படி நாலாயிரம் தடவை செய்ததற்குப் பக்கத்தில் எட்டு விநாடி எம்மாத்திரம் என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று அடையாளம் தெரிந்ததும் தார்சியுஸ் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டான்.

கூடத்தின் கடைசியில், இரண்டு பந்தி மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அதன்மேல் புரொஜெக்டர். பக்கத்தில் மடிக்கணினி, ஆடியோ மிக்ஸர், ஒரு வெற்றிலைப் பொட்டலம், இவை மூன்றுக்கும் அதிபதியாக சவுண்ட் சர்வீஸ் பேச்சிமுத்து. இருபது வருஷமாகக் கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். "அண்ணே, என் படத்துல பதினாலாவது நிமிசத்த மட்டும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கிடலாமா?" பேச்சிமுத்து அவனைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லாத்தையும் கோத்து ஒரே ஃபைலாக் குடுத்திருக்காங்க சார். காலைல ஒருத்தர் அவசரப்படுத்தினாருன்னு ஒரு தடவ தள்ளிவிட்டேன், படம் ஒரு பக்கம் போச்சு, சத்தம் ஒரு பக்கம் போச்சு. மத்தியானம் வரைக்கும் ஆம்பள வாயசைச்சா பொம்பளக் குரலு. இனிமே தொட மாட்டேன்." தள்ளவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, வெட்டிய பிரதி ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடியில் ஒரு பூட்டிய அறையில் இருக்கிறது. சத்தத்தை மட்டும் குறைக்கலாம். ஆனால் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும், சட்டைப்பையில் பேனா குத்திய ஆவுடையப்பன் படிக்க மாட்டாரா? படத்தையே நிறுத்தச் சொல்லிவிடலாம். சொன்னால் மரகதவல்லி ஊதாச் சேலையோடு எழுந்து ஏன் தம்பி என்று கேட்பார், கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும், சுகிர்தா இன்னொரு மேசைக்குப் போய்விடுவார். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அதுதான் ஆக எளிது. வெட்டின படமாகவே இருக்கலாம் அல்லவா, பாதிக்குப் பாதி. அந்தப் பாதியின் மேல் சாய்ந்துகொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து, வரி வந்துவிட்டால் ஐயோ என்று தலையில் கைவைக்கலாம், யாரும் தப்புச் சொல்ல முடியாது, அவன் உட்பட. அவன் உட்பட என்கிற இடத்தில் மட்டும் சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. "அண்ணே, நான் தலையசைச்சா சத்தத்தச் சுத்தமா இறக்கிருங்க. மறுபடி அசைச்சா ஏத்துங்க." பேச்சிமுத்து இப்போது பார்த்தார். "எதுக்கு சார்?" "ஒரு அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." பேச்சிமுத்து வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்பச் சரி," என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்காத அந்த மனிதனுக்கு ஒரு பச்சை நாடா குத்தலாம் என்று தோன்றியது.

விளக்கணைந்தது. தெர்மோகோல் இதயத்துக்குக் கீழே படத்தின் பெயர் விழுந்தது. ஏழரை என்றதும் சனியை நினைத்து யாரோ சிரித்தார்கள், அதை அவன் எதிர்பார்த்திருந்தான். தார்சியுஸ் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றான், அதன் சூடான மூச்சு முழங்கையில் பட்டது. நான்கு வரிசை முன்னால் இரண்டு தலைகள்: ஒன்றில் மல்லிகை, இன்னொன்று நன்றாக எண்ணெய் வைத்து வாரிய நரை. மூன்றாம் நிமிடத்தில் பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்த காட்சி வந்தது, கோடுகள் விழுந்த நீல நிறத்தில், முப்பது வயது மரகதவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து, வணக்கம், செய்திகள், என்றார். அந்த நரைத்தலை அசையவில்லை. சாயவில்லை, திரும்பவில்லை, இருமவில்லை. பார்க்கிறார். கடைசியில் பார்க்கிறார், மண்டபத்தில், இருநூறு பேரோடு, எழுந்து போகச் செருப்பு வெளியே கிடக்கிறது. தண்ணீர் வரும் தெருக்களின் பட்டியல் போனது. எருமை போனது, கூட்டம் சிரித்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. இப்படி ஒரு மனிதர் முதல் தடவையாக உட்கார்ந்து பார்க்கும்போதே, நீ ஒரு நாளும் பார்த்ததில்லை என்று திரை அவரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? படமாக நினைத்தால் அற்புதமாக இருக்கும். அந்த அற்புதத்தை அவன் ஒரு கணம் முழுசாகக் கண்டான், அந்த நரைத்தலையின் க்ளோசப் வரை. இடது பக்கம், சுவரோரமாக, சுகிர்தா நாற்காலி நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு. டிசம்பர். பெரிய திரை, தலைக்கு மேல் இதயம் இல்லாத திரை. பதின்மூன்று. லென்ஸை மூடக் கையை எப்போது வைப்பது என்பதுதான் கேள்வி. வெட்டிய படமா வெட்டாத படமா என்று திரையில் தெரிவதற்குள் அவர் பேச ஆரம்பித்திருப்பார், தெரிந்துகொண்டு வைத்தால் பிந்திவிடும். ஆகவே தெரியாமலே வைக்க வேண்டும். தேவையே இல்லாமல் தன் படத்தைத் தானே மறைக்கிற முட்டாளாகவும் இருக்கச் சம்மதித்துக்கொண்டுதான் வைக்க வேண்டும். "பதினோரு வருசம் வாசிச்சேன் தம்பி," என்றார் திரையில் மரகதவல்லி. காகம் ஒன்று கத்தியது, அந்தக் காகத்தை நீக்க அவன் இரண்டு நாள் பாடுபட்டுத் தோற்றிருந்தான். "ஊரே பாத்துச்சு." தார்சியுஸ் தலையை அசைத்தான், உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்தான். மண்டபம் இருண்டது. சத்தம் அறுந்தது. மின்விசிறிகள் மட்டும் கேட்டன. உள்ளங்கையில் வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. அத்தனை கிட்டத்தில் உருவம் எதுவும் சேராது, முகமும் எழுத்தும் வெறும் நிறமாகத்தான் இருக்கும், அது அவனுக்குத் தெரியும். நிறம் போதும். நீலம் என்றால் வானம், ஆன்டெனா, அவன் நல்லவன், கை தவறவில்லை. அவன் கையைப் பார்த்தான். மஞ்சள். மாம்பழ மஞ்சள், விரலிடுக்கில் கசிந்து, ரேகைகளில் நிரம்பி, சூடாக. இரண்டு. மூன்று. அந்த மஞ்சள் லேசாக அசைந்தது, அவர் பேசிக்கொண்டிருக்கிறார், அவன் கையில். நான்கு. இவுக ஒரு நாளு. கையை எடுக்க ஒரு விநாடி போதும். ஐந்து. எடுத்தால் யாருக்கும் தெரியாது, ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்பார்கள், கைக்குட்டையாவது கிடைக்கும், சத்தமில்லாமல், மூன்று விநாடி. ஆறு. அதையும் சேர்த்துத்தான் வாக்கு. ஏழு. எட்டு. மஞ்சள் நீலமாயிற்று. தார்சியுஸ் தலையை அசைத்துக் கையை எடுத்தான். திரையில் ஆன்டெனா. உள்ளங்கை வெறும் கையாக இருந்தது, கொஞ்சம் வியர்த்திருந்தது.

படம் முடிந்து விளக்கு வந்ததும் கலந்துரையாடல். முதல் கையைத் தூக்கியவர் ஒரு பேராசிரியர். நடுவில் வந்த அந்த இருட்டு, குரல் மறுக்கப்பட்ட பெண்களின் மொத்த வரலாற்றையும் ஒரு சில விநாடியில் சொல்லிவிட்டது என்றும், சமீபத்தில் இவ்வளவு துணிச்சலான உத்தியைத் தான் கண்டதில்லை என்றும் அவர் சொன்னார். அது என் கை சார், என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினான் தார்சியுஸ். ஆமாம், கை, படைப்பாளியின் கை, என்று பேராசிரியர் மேலும் கனிந்தார். பின்னால் பேச்சிமுத்து இருமினார், அது இருமலாக இல்லாமலும் இருக்கலாம். சுகிர்தா அவனைப் பக்கவாட்டுக் கதவருகே பிடித்தார். "பாவம் சார், சரியா அந்த இடத்துல மெஷின் மக்கர் பண்ணிருச்சு. பரவால்ல. லிங்க்ல இருக்கிற வெர்ஷனையே அனுப்பிருங்க, டிசம்பர்ல நல்ல தியேட்டர்ல போட்டுக்கலாம்." இப்போது இதைச் சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, மூடின கை மூடினபடியே இருந்தது. "அந்த வெர்ஷன் இல்ல மேடம். அந்த வரி படத்துல கிடையாது. அவுக வேண்டாம்னு சொல்லிட்டாக. லிங்க்ல இருந்தது என் தப்பு, இன்னைக்கு அனுப்பினதும் என் தப்பு." சுகிர்தா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். "அது இல்லேன்னா நல்ல படம் சார். அவ்வளவுதான்," என்றார். நல்ல படங்கள் அவரிடம் முந்நூறு இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவர் கைகுலுக்கினார், அதே கையை. ரோடு ரோலர்காரன் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், ஆவுடையப்பன் நின்றிருந்தார். வெயில் சாய்ந்து மஞ்சளாக இருந்தது, இன்று எல்லாம் மஞ்சள்தான். "தம்பி, நல்லாத்தான் வாசிச்சிருக்கா," என்றார், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, மனைவியிடம் சொல்லாமல். "ஒரு சந்தேகம். நடுவுல இருட்டாச்சே, அது கரண்ட் இல்ல. ஃபேன் ஓடிச்சு." முப்பது வருஷம் கம்பத்தில் ஏறியவரிடம் அதைக் கரண்ட் என்று சொல்ல முடியாது என்பதை தார்சியுஸ் யோசித்திருக்கவில்லை. "ஆமா அண்ணாச்சி, கரண்ட் இல்ல," என்றான். ஆவுடையப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார். "அங்க நீ என்ன பேசின?" மரகதவல்லி தார்சியுஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்திருந்தது, எடுத்தாச்சுக்கா என்று அவன் சொன்ன பொய்யும், மண்டபத்தின் கடைசியில் அவன் நின்ற இடமும். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உங்களத்தான் சொன்னேன்." "நல்லதாவா?" "எட்டு செகண்டுல என்ன நல்லது சொல்லிரப் போறேன்." செய்தி வாசித்தவர், எண்ணியிருக்கிறார். ஆவுடையப்பன் சிரித்தார், அல்லது சிரிப்பதற்கு முந்தின ஏதோ ஒன்றைச் செய்தார். வாரோம் தம்பி, என்றார்கள் இருவரும். எர்த்த மறக்காம சொல்லிருங்க, என்றார் அவர்.

பஸ் நிறுத்தத்துக்கு நேரான சாலை. ஆவுடையப்பன் வழக்கம்போல இருக்க வேண்டும், நான்கு எட்டு முன்னால் நடந்தார். ஒரு மூடிய கடையின் முன்னால் மரகதவல்லி நின்றார். ஏங்க என்று கூப்பிட்டிருப்பார், அவர் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்து மரகதவல்லி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இத்தனை தூரத்தில் ஒன்றும் கேட்காது. கேட்காதது நல்லது என்று தார்சியுஸ் நினைத்தான், நினைத்துக்கொண்டே எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வாய் நின்றது. ஆறு, ஏழு, எட்டு. கைக்குட்டை எதுவும் இல்லை. ஆவுடையப்பன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார், அறுந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி, நெடுநேரம். வெட்டு, இங்கே வெட்டு, இதற்குமேல் ஒரு நொடி போனாலும் கெட்டுவிடும் என்று பத்தொன்பது வருஷத்துக் கை சொன்னது. தார்சியுஸ் வெட்டவில்லை. அவர்கள் மறுபடி நடக்க ஆரம்பித்து, ஒரு டவுன் பஸ் நடுவில் வந்து மறைத்து, அது விலகி, அப்புறமும் கொஞ்ச நேரம், வெறும் சாலையை, பார்த்துக்கொண்டே நின்றான்.